அமேசானில் படகில் இறங்கிப் போக ஆசை: எந்த வழி, எந்தப் பருவம், எவ்வளவு ஆபத்து?

கரைதேடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப வருஷமாக மனதில் கிடக்கும் ஆசை இது. பெரு நாட்டில் ஆரம்பித்து, அமேசான் வழியாகவே பிரேசிலின் கடல் முகத்துவாரம் வரை போக வேண்டும். நடுவில் விமானம் கூடாது, முடிந்தவரை தண்ணீரிலேயே. தேடினால் வருவதெல்லாம் சொகுசுக் கப்பல் விளம்பரங்கள்தான். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கண்ணாடி வழியே காட்டைப் பார்ப்பது எனக்கு வேண்டாம்.

என் திட்டம் இதுதான். பெருவில் உள்ள இகிடோஸில் ஒரு மரத்தோணி வாங்கி, தனியாகவே துடுப்புப் போட்டு பிரேசிலின் மனாவுஸ் நகரம் வரை இறங்குவது. ஆறு கடலை நோக்கித்தான் போகிறது, பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். இரவில் கரையில் கூடாரம். நீச்சல் நன்றாகத் தெரியும். ஸ்பானிஷ் சமாளிப்பேன், போர்த்துகீஸ் தெரியாது.

இது நடக்கிற காரியமா? எந்த மாதம் போகலாம்? பிரான்யா, அனகோண்டா பயமெல்லாம் எவ்வளவு நிஜம்? போனவர்கள், படித்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

துடுப்பு எழுதியது:

தம்பி, உங்கள் ஆசையைப் படித்ததும் எனக்கே மறுபடியும் கிளம்பலாம் போல இருந்தது. ஆனால் தனியாகத் தோணியில் இறங்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

காரணம் பிரான்யா இல்லை, மனிதர்கள். எல்லையிலிருந்து மனாவுஸ் வரை உள்ள பகுதியை பிரேசிலில் சோலிமோயிஸ் என்பார்கள். பெருவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் கொக்கைன் இறங்கும் பெருவழி அது. அந்தச் சரக்கைப் பறிக்கவே ஆற்றுக் கொள்ளைக் கூட்டங்கள் இருக்கின்றன. கோவாரி ஊரை ஒட்டிய பகுதி இதற்குப் பேர்போனது. 2017 செப்டம்பரில், தனியாகக் கயாக்கில் அமேசான் முழுவதும் இறங்கி வந்துகொண்டிருந்த பிரிட்டன் பெண் ஒருவர் அந்தப் பக்கத்தில்தான் கொல்லப்பட்டார். பனியில் சறுக்கித் தென்துருவம் வரை போய் வந்தவர் அவர், அனுபவக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2022 ஜூனில் பத்திரிகையாளர் டோம் பிலிப்ஸும் பழங்குடிகள் துறை நிபுணர் புருனோ பெரேராவும் பிரேசில்-பெரு எல்லையோர ஜவாரிப் பள்ளத்தாக்குப் பக்கம் கொல்லப்பட்டார்கள். புருனோ அந்த ஆறுகளிலேயே பல வருஷம் வேலை செய்த மனிதர்.

அப்புறம் ஆறு. இகிடோஸிலிருந்து கடல் சுமார் 3,600 கிலோமீட்டர். ஆனால் இகிடோஸ் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்ச உயரத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கும் அவ்வளவுதான் சரிவு. நீரோட்டம் இழுக்கும், சரி. ஆனால் கிழக்கிலிருந்து காற்று எழுந்தால் அது உங்களுக்கு நேர் எதிரே வரும். கிலோமீட்டர் கணக்கில் அகலமான நீர்ப்பரப்பில் அந்தக் காற்று எழுப்பும் அலையில் சின்னத் தோணி தாங்காது. முழு மரங்கள் வேரோடு மிதந்து வரும், பாதி தண்ணீருக்குள் இருக்கும். கூடாரம் போடும் கரையே இரவில் சரிந்து ஆற்றுக்குள் விழும். வெள்ளம் வடியும் மாதங்களில் வீடுகளோடு கரை போவதுண்டு.

உயிரினங்களைப் பற்றிக் கேட்டீர்கள். பிரான்யா உள்ள தண்ணீரில் ஊர்ப் பிள்ளைகள் தினமும் குளிக்கிறார்கள். பயப்பட வேண்டியது மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை. ஆழமில்லாத இடத்தில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும், அந்த அதிர்வில் விலகிப்போகும். அதைவிடப் பெரிய விஷயம் கொசு. மலேரியாவுக்கு மருத்துவரிடம் ஆலோசனை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, இரண்டும் முக்கியம். ஊசியைப் புறப்பட 10 நாளுக்கு முன்பாவது போட வேண்டும். அந்தச் சான்றிதழைத் திரும்பி வரும்போதும் பல நாடுகள் கேட்கும்.

எப்படிப் போவது என்று நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

சுழல் எழுதியது:

துடுப்பு அண்ணா சொன்ன பாதுகாப்பு விஷயத்தில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடைசியில் எல்லோரும் ஆட்களையும் ஏற்றிப் போகும் சரக்குப் படகைத்தான் சொல்வார்கள். நான் அதில் போயிருக்கிறேன். முந்நூறு பேர், ஒலிபெருக்கிப் பாட்டு, கீழ்த்தட்டில் மாடு, கோழி, வாழைத்தார். அது நல்ல பயணம், மறுக்கவில்லை. சாகசம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆபத்து குறைவாகவும் காடு அதிகமாகவும் உள்ள கிளையாறு ஏதாவது இருந்தால் அதைப் பற்றிப் பேசலாமே?

துடுப்பு எழுதியது:

சொன்னபடி வழியை எழுதுகிறேன். சுழல் கேட்டதற்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

பெருவில் யூரிமாகுவாஸ் வரை சாலை வருகிறது. அங்கிருந்து தொடங்குங்கள். வாயகா ஆற்றில் சரக்குப் படகு கிளம்பும், 'லாஞ்சா' என்பார்கள். கீழ்த்தட்டு சரக்குக்கு, மேல்தட்டுகள் ஆட்களுக்கு. ஹாமக் என்ற தொங்கு படுக்கையை நீங்களே வாங்கி வந்து குறுக்குக் கம்பியில் கட்டிக்கொள்ள வேண்டும். சாப்பாடு படகிலேயே கொடுப்பார்கள், ஆனால் கிண்ணமும் கரண்டியும் உங்களுடையது. குடிதண்ணீர் நிறைய வாங்கி வையுங்கள். எப்போது கிளம்பும் என்று படகின் முன்னால் ஒரு கரும்பலகையில் எழுதியிருக்கும். சரக்கு நிரம்பாவிட்டால் அந்தத் தேதியை அழித்து மறுநாள் என்று எழுதிவிடுவார்கள். அன்றிரவு படகிலேயே படுத்துக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நேரே இகிடோஸ் போய்விடாதீர்கள். வழியில் லகுனாஸ் என்று ஒரு ஊர் வரும், அங்கே இறங்குங்கள். பகாயா-சமிரியா தேசியக் காப்பகத்துக்குள் நுழைய அது ஒரு வாசல். 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல், மராஞோன், உகயாலி என்ற இரண்டு ஆறுகள் சேரும் முனைக்குள் அடங்கிய காடு. வெள்ளக் காலத்தில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கும். லகுனாஸில் உள்ளூர் வழிகாட்டிகள் ஒரே மரத்தில் குடைந்த தோணியில் பல நாள் உள்ளே கூட்டிப் போவார்கள். மோட்டார் கிடையாது. நீங்களும் துடுப்புப் போடலாம். மரங்களின் நடுத்தண்டு உயரத்தில் தோணி போகும், தலைக்கு மேலே குரங்குகள், கைக்கெட்டும் கிளையில் தேவாங்கு போல அசையாமல் தொங்கும் ஸ்லாத். நீங்கள் தேடும் தோணிப் பயணம் இங்கேதான் இருக்கிறது தம்பி, சோலிமோயிஸில் இல்லை. சுழல், நீங்கள் கேட்ட காடும் இதுதான்.

காட்டை விட்டு வந்ததும் அடுத்த லாஞ்சாவைப் பிடித்து இகிடோஸ். நௌதா ஊருக்கு அருகே மராஞோனோடு உகயாலி வந்து சேரும் இடத்தில்தான் ஆற்றுக்கு அமேசான் என்ற பெயரே தொடங்குகிறது, அந்த நேரம் தூங்கிவிடாதீர்கள். ஆறுகள் கூடும் இடங்களில் மீன் அதிகம், அதனால் இளஞ்சிவப்பு ஓங்கில்களும் அங்கே அதிகம்.

இரவில் ஒரு தடவையாவது படகோட்டியின் அறைப் பக்கம் போய் நில்லுங்கள். வரைபடம் எதையும் பார்க்காமல், தேடுவிளக்கை இரண்டு கரைக்கும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். மணல்திட்டு வருஷா வருஷம் இடம் மாறும். போன வருஷம் படகு போன வழியில் இப்போது நாணல் முளைத்திருக்கும். நீரின் மேல்சுருக்கத்தைப் பார்த்தே ஆழம் சொல்லும் அந்த மனிதர்களுக்கு முன்னால் நின்றபோது எனக்கு உண்டான மரியாதையை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

பழையசுவடி எழுதியது:

சுழல் எழுப்பிய "எது சாகசம்" என்ற கேள்விக்கு வரலாற்றிலிருந்து கொஞ்சம். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அமேசானை மேலிருந்து கடல் வரை இறங்கிய முதல் ஐரோப்பியர் பிரான்சிஸ்கோ தெ ஒரெயானா. அவர் கிளம்பியது ஆற்றைப் பார்க்க அல்ல. 1541இல் ஸ்பானியத் தளபதி கொன்சாலோ பிஸாரோ லவங்கப்பட்டைக் காடு தேடி, இன்றைய ஈக்வடாரின் கித்தோவிலிருந்து மலை தாண்டி இறங்கினார், ஒரெயானா வழியில் சேர்ந்துகொண்டார். பட்டை விலைக்குத் தேறவில்லை, உணவு தீர்ந்தது, குதிரைகளையும் நாய்களையும் தின்றார்கள். ஒரு படகைக் கட்டி, 1541 டிசம்பர் கடைசியில் ஒரெயானாவைச் சுமார் 60 பேருடன் உணவு தேட அனுப்பினார்கள். நாபோ ஆற்றின் வேகத்தை எதிர்த்துத் திரும்பி வர முடியவில்லை. கூட இருந்த பாதிரியார் கஸ்பார் தெ கார்வஹால் எழுதிய குறிப்பில், தோல் வாரையும் செருப்பின் அடித்தோலையும் மூலிகையோடு வேகவைத்துத் தின்றதாக வருகிறது.

அப்புறம் எப்படிப் பிழைத்தார்கள்? ஆற்றங்கரை ஊர்கள் சோறு போட்டன. அபாரியா என்ற தலைவனின் ஊரில் ஆமையும் மீனும் கொடுத்துத் தங்க வைத்தார்கள். அங்கேதான் இரண்டாவது படகையே கட்டி முடித்தார்கள். பிறகு கீழே போகப் போக இவர்களே ஊர்களில் புகுந்து உணவைப் பறித்தார்கள், சண்டையும் வந்தது. ஒரு மோதலில் கார்வஹாலுக்கு ஒரு கண் போனது. 1542 ஆகஸ்ட் 26ஆம் தேதி கடலைத் தொட்டார்கள்.

கரையெங்கும் இடைவெளி இல்லாமல் ஊர்கள், அகலமான சாலைகள் என்று கார்வஹால் எழுதியதை நூற்றாண்டுக் கணக்கில் யாரும் நம்பவில்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களிலும் அடிமை வேட்டையிலும் அந்த ஊர்கள் அழிந்து, அடுத்து வந்தவர்கள் வெறும் காட்டைத்தான் பார்த்தார்கள். இப்போது விமானத்திலிருந்து லேசர் கதிரால் காட்டின் தரையை அளக்கும் முறை வந்தபின் நிலைமை மாறிவிட்டது. 2022இல் பொலிவியாவிலும், 2024 ஜனவரியில் ஈக்வடாரின் உபானோ பள்ளத்தாக்கிலும் பெரிய குடியிருப்புகளின் தடயங்களை அறிவித்தார்கள். உபானோவில் மட்டும் 6,000க்கு மேற்பட்ட மண்மேடைகள், அவற்றை இணைக்கும் நேரான சாலைகள். சுமார் 2,500 வருஷத்துக்கு முன் தொடங்கியவை. ஆகவே "மனிதன் கால்படாத காடு" என்ற எண்ணத்தோடு அங்கே போகாதீர்கள். அந்த ஆற்றங்கரை எப்போதும் யாருக்கோ ஊராகத்தான் இருந்திருக்கிறது.

சுழல் எழுதியது:

அருமையான பதிவு ஐயா. ஆனால் ரூஸ்வெல்ட் போன ஆறு அப்படி இல்லையே? அது வரைபடத்திலேயே இல்லாத ஆறு.

பழையசுவடி எழுதியது:

அதையும் பார்ப்போம். அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் பிரேசில் ராணுவ அதிகாரி காந்திதோ ரொந்தோனும் 1914 பிப்ரவரி 27 அன்று அந்த ஆற்றில் இறங்கினார்கள். அது எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாததால் 'சந்தேக ஆறு' என்றே ரொந்தோன் பெயரிட்டிருந்தார். அருவியும் பாறையும் வந்த இடமெல்லாம் கனத்த மரத்தோணிகளைக் கரையேற்றி, காட்டை வெட்டி, உருட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் சுழலில் மூழ்கினார். ஒருவரைக் கூட வந்தவனே சுட்டுக் கொன்றான், கொன்றவன் காட்டில் விடப்பட்டான். ரூஸ்வெல்ட்டுக்குக் காலில் பட்ட காயம் சீழ் வைத்து, மலேரியாவும் சேர்ந்து, என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்கும் நிலை வந்தது. மகன் கெர்மிட் மறுத்துவிட்டார்.

வரைபடத்தில் இல்லை என்பது சரி. ஆட்கள் இல்லை என்பது சரியல்ல. சிந்தா லார்கா பழங்குடி மக்கள் மரங்களுக்கு நடுவிலிருந்து அவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள், ரொந்தோனின் நாய் அம்பு பட்டுச் செத்தது. ரொந்தோன் திருப்பித் தாக்கவில்லை, பரிசுப் பொருள்களை வைத்துவிட்டு நகர்ந்தார். "செத்தாலும் சரி, கொல்லக் கூடாது" என்பது பழங்குடிகள் விஷயத்தில் அவருடைய கட்டளை. கடைசியில் இவர்களுக்கு வழி சொல்லி உதவியவர்கள் ரப்பர் பால் எடுக்கும் ஏழைத் தொழிலாளிகள். தோணியைச் சுமந்ததும் துடுப்புப் போட்டதும் பெயர் அதிகம் பேசப்படாத பிரேசில் கூலியாட்கள். இன்று அந்த ஆற்றுக்கு ரூஸ்வெல்ட்டின் பெயர் இருக்கிறது.

கயல் எழுதியது:

பழையசுவடி ஐயா எழுதியதோடு ஒரு பெண்ணின் கதையையும் சேர்க்க வேண்டும். இசபெல் கோதேன். கணவர் பிரெஞ்சுக்காரர், பூமியின் வடிவத்தை அளக்க வந்த குழுவைச் சேர்ந்தவர். ஊருக்குப் போகும் வழியைப் பார்த்து வருகிறேன் என்று 1749இல் ஆற்றில் இறங்கிப் போனவர், அரசுகளின் அனுமதி கிடைக்காமல் மறு முனையில் மாட்டிக்கொண்டார். இசபெல் இருபது வருஷம் காத்திருந்து, 1769இல் இன்றைய ஈக்வடாரில் உள்ள ரியோபம்பாவிலிருந்து தானே கிளம்பினார். வழியில் முதல் ஊரே பெரியம்மையில் காலியாகக் கிடந்தது. தோணிக்காரர்கள் ஓடிவிட்டார்கள். உதவி கேட்டு ஒரு குழு முன்னே போனது, வாரக்கணக்கில் காத்திருந்தும் யாரும் வரவில்லை. தெப்பம் கட்டினார்கள், அது உடைந்தது. காட்டுக்குள் நடந்தார்கள். இரண்டு அண்ணன் தம்பிகள் உட்பட உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். இறந்த சகோதரனின் செருப்பை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு, நாள்கணக்கில் தனியாக அலைந்து, கடைசியில் ஆற்றோரம் பழங்குடிக் குடும்பத்தினர் கண்ணில் பட்டார். அவர்கள்தான் உணவு கொடுத்து, ஆந்தோவாஸ் என்ற ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1770இல் கணவரைப் பார்த்தார். இந்தப் பெண்ணை நினைக்காமல் நான் அந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை.

இனி நடைமுறை. நான் பெண்ணாகத் தனியாக, பிரேசில் எல்லை ஊரான தபதிங்காவிலிருந்து மனாவுஸ் வரை, அப்புறம் கடல் முகத்துவாரப் பக்கம் உள்ள பெலெம் வரை படகில் போனவள். கிளம்புவதற்கு முதல் நாளே போய் ஹாமக் கட்டிவிடுங்கள். எஞ்சினுக்கும் கழிப்பறைக்கும் தள்ளி, குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்தில் அந்தப் பாட்டி உங்கள் பையைப் பார்த்துக்கொள்வார், அவர் பேரன் உங்கள் ஹாமக்கில் தூங்குவான். பாஸ்போர்ட்டும் பணமும் உடம்பிலேயே இருக்கட்டும். இரவில் குளிரும், ஒரு போர்வை வேண்டும்.

சுழல் சொன்ன ஒலிபெருக்கி உண்மைதான். ஆனால் பிரசவத்துக்காக மனாவுஸ் ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்ணும், கல்லூரிக்குப் போகும் பையனும் என் இரண்டு பக்கமும் தொங்கினார்கள். அவர்களுக்கு வேறு சாலை கிடையாது. அமேசானின் பிரதான ஆற்றுக்குக் குறுக்கே இன்று வரை ஒரு பாலம்கூட இல்லை. அவர்கள் வாழ்க்கையின் நடுவே சில நாள் இருந்ததைவிடப் பெரிய அனுபவம் எனக்கு அந்தப் பயணத்தில் இல்லை.

நீரோட்டம் எழுதியது:

பருவம் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் நீரியல் துறையில் இருப்பவன், அதனால் இது.

இகிடோஸ் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் உச்சம். மனாவுஸில் ஜூன் மாதம். அக்டோபர், நவம்பரில் மனாவுஸ் பக்கம் மிகவும் கீழே இறங்கும். மே மாதம் பெருவில் தொடங்கினால் வெள்ளத்தோடு சேர்ந்தே இறங்கலாம். காப்பகத்துக்குள் தோணியில் போக அதுதான் சரியான காலம். கொசு அதிகம், மழையும் உண்டு. மணற்கரைகளையும் ஆமைகளையும் பார்க்க வேண்டுமென்றால் குறைநீர்க் காலம்.

ஆனால் குறைநீர்க் காலத்தை இப்போதெல்லாம் நம்ப முடிவதில்லை. மனாவுஸ் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டம் பதிகிறார்கள். 2021 ஜூனில் 30.02 மீட்டர், அதுவரை காணாத உச்சம். 2023 அக்டோபரில் 12.70 மீட்டர், அதுவரை காணாத தாழ்வு. 2024இல் அதற்கும் கீழே போனது. 2023இல், எல்லைக்கும் மனாவுஸுக்கும் நடுவே உள்ள தெஃபே ஏரியின் தண்ணீர் 39 டிகிரியைத் தாண்டியது, நூற்றுக்கு மேற்பட்ட ஓங்கில்கள் செத்து மிதந்தன. ஆற்றோர ஊர்களுக்குப் படகு போக முடியாமல் உணவும் குடிநீரும் தட்டுப்பாடானது. உலகின் ஆறுகள் கடலில் சேர்க்கும் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தரும் ஆற்றின் கரையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இதை எழுதும்போதே மனது கனக்கிறது. ஆகவே செப்டம்பருக்குப் பிறகு போவதாக இருந்தால் படகு ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இன்னொன்று. கீழ்நோக்கி இறங்கும் படகுகள் வேகத்துக்காக நடு ஆற்றிலேயே போகும், கரை ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரியும். மேல்நோக்கி ஏறும் படகுகள் நீரோட்டத்துக்குத் தப்பிக் கரையை ஒட்டியே வரும். வீடு, மரம், பறவை எல்லாம் பக்கத்தில். நேரம் இருந்தால் ஒரு துண்டை எதிர்த்திசையில் வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, மனாவுஸுக்குக் கீழே உள்ள சந்தரேமிலிருந்து மனாவுஸ்.

கரைதேடி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தனித்தோணித் திட்டம் முடிந்தது, அதில் இனி யோசனை இல்லை. புதுத் திட்டம்: மே மாதம் யூரிமாகுவாஸ், லகுனாஸில் இறங்கிக் காப்பகம், இகிடோஸ், எல்லை தாண்டித் தெஃபே, மனாவுஸ், பெலெம். தெஃபேயில் நிறுத்தலாமா? எல்லையில் முத்திரை எங்கே குத்துவார்கள்? மூன்று நாடு சேரும் இடம் என்பதால் குழப்பமாக இருக்கிறது.

துடுப்பு எழுதியது:

நல்ல முடிவு தம்பி. தெஃபேயில் கட்டாயம் நில்லுங்கள். அங்கிருந்து மமிராவா காப்பகம் பக்கம். முகம் சிவந்த, உடம்பு வெளுத்த உகாரி குரங்கு அங்கே உண்டு. இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் 'பிராருக்கு' என்ற மீன் அழியும் நிலையில் இருந்தது. ஊர்க்காரர்களே எண்ணிக்கை எடுத்து, அளவு வைத்துப் பிடித்து, அதை மீட்டெடுத்திருக்கிறார்கள். அவர்கள் கூட்டிப் போகும் பயணத்திலேயே போங்கள்.

எல்லை: பெருவிலிருந்து வெளியேறும் முத்திரையை சாந்தா ரோசாவில் வாங்குங்கள், அது ஆற்றுக்கு நடுவே உள்ள ஊர். சின்னப் படகில் அக்கரை வந்தால் தபதிங்கா. அங்கே பிரேசில் கூட்டாட்சிக் காவல் அலுவலகத்தில் நுழைவு முத்திரை. கொலம்பியாவின் லெட்டீசியாவுக்கும் தபதிங்காவுக்கும் நடுவே ஒரு தெருதான், நடந்தே போய் வரலாம். கொலம்பியாவுக்குள் மேற்கொண்டு போவதாக இருந்தால் மட்டும் அவர்கள் முத்திரை தேவை. பிரேசில் விசா உங்கள் பாஸ்போர்ட்டுக்குத் தேவையா என்று ஊரிலேயே பார்த்து வாங்கிவிடுங்கள், எல்லையில் கிடைக்காது.

தபதிங்காவில் படகு ஏறும்போதும் வழியிலும் போலீஸ் பையைக் குடைந்து பார்ப்பார்கள். பொறுமையாக இருங்கள். யார் எதைக் கொடுத்து மனாவுஸில் ஒப்படைக்கச் சொன்னாலும் கையில் வாங்காதீர்கள்.

கயல் எழுதியது:

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. மனாவுஸ் ஊர் ரியோ நீக்ரோவின் கரையில் இருப்பதால், படகு கடைசியில் சோலிமோயிஸிலிருந்து அதற்குள் திரும்பும். கறுப்பு நீரும் மண்நிற நீரும் கலக்காமல் கிலோமீட்டர் கணக்கில் பக்கம் பக்கமாக ஓடுவதை டிக்கெட் இல்லாமல் மேல்தட்டிலிருந்தே பார்க்கலாம். சுற்றுலாப் படகுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

பெலெம் நெருங்கும்போது, மராஜோத் தீவுக்குப் பக்கத்தில் பிரேவ்ஸ் கால்வாய்கள் வரும். இரண்டு கரையும் கிட்டத்தில். சிறுவர்கள் தோணியில் வந்து ஓடும் படகில் கொக்கி மாட்டி ஏறி இறால், பழம் விற்பார்கள். பயணிகள் துணிமணிகளைப் பையில் கட்டித் தண்ணீரில் போடுவதும் உண்டு. நீங்கள் கொடுக்க நினைத்தால் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டுங்கள், தோணிக்கு நேர் முன்னால் எறியாதீர்கள், எட்டிப் பிடிக்கப் போய்க் கவிழ்ந்துவிடுவார்கள். அவர்களிடம் இறால் வாங்குவது இன்னும் நல்லது. சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.